சீம்பாலால் அல்ல

கால்நடை மருத்துவம் இறுதியாண்டு படிக்கும் குந்தவைக்கு முதல் தாளில் பத்துக்குப் பத்து. வெண்ணாற்றங்கரை கால்நடை முகாமில் செத்துப்போன செபஸ்தியம்மாளின் பசுவைப் பற்றிய நோய்க்குறிப்பு அது. ‘கன்று ஈன்ற அன்றே உரிமையாளர் மடியை ஒட்டக் கறந்தார். கால்சியம் குறைந்து பால்சுரம் கண்டது. கால்சியம் ஏற்றப்பட்டது. பலனின்றி இறந்தது.’

“இதே கேஸை அந்த மாட்டுக்காரம்மாவுக்குக் கடிதமா எழுதும்மா,” என்றார் பேராசிரியர் ஜோஸ்வா. “குறிப்பு நமக்கு. கடிதம் அவங்களுக்குப் புரியணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் பாடம்.”

‘அன்புள்ள அக்கா, நீங்கள் மடியை ஒட்டக் கறந்ததால்’ என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது.

அன்று முகாம் டாக்டர் பக்கத்துக் கொட்டகைக்குப் போயிருந்தார். மருந்தை மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். படுத்துக் கிடந்த மாடு சீக்கிரம் எழுந்துவிடாதா என்ற பதற்றத்தில் குந்தவைதான் குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். மாட்டின் இதயம் நின்றுபோனது. நோய்க்குறிப்பில் அதற்கு இடமில்லை, யாரும் கேட்கவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடிதத்தோடு பஸ் ஏறினாள்.

“வாங்க டாக்டரம்மா,” என்றாள் கன்றுக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்த செபஸ்தியம்மாள். “பாருங்க, தாயில்லாப் புள்ளை ஆக்கிட்டேன். தெருவுக்கெல்லாம் சீம்பால் குடுக்கணும்னு ஒரு சொட்டு விடாமக் கறந்தேன். அதனாலதான் செத்துச்சுன்னு முகாம்ல சொன்னாங்களே. பக்கத்து வீட்டு ரெத்தினத்துக்கு மட்டும் ரெண்டு டம்ளர். அவ என்னடான்னா, அதை வாங்கித் தின்னேனேன்னு அழுவுறா. நான் சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனமே பண்ணிட்டேன்.”

“அக்கா, ஒரு கடுதாசி கொண்டாந்திருக்கேன். படிக்கட்டுமா?”

குந்தவை நின்றபடியே படித்தாள். ‘பால்சுரம் நீங்கள் கறந்ததால் வந்திருக்கலாம். ஆனால் அதற்கு மருந்து உண்டு, மாடு பிழைத்துக்கொள்ளும். உங்கள் மாடு செத்தது, நான் அந்த மருந்தை வேகமாக ஏற்றியதால்.’

செபஸ்தியம்மாளின் கையிலிருந்து புட்டி நழுவியது. கன்று அவள் முழங்காலை முட்டியது.

“சீக்கிரம், சீக்கிரம்னு நானும்ல கத்துனேன்?”

“நீங்க கத்துவீங்க. நான் கேட்டிருக்கக் கூடாது.”

செபஸ்தியம்மாள் குனிந்து புட்டியை எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

“அதுல உம் பேரு போட்டிருக்கியா?”

“போட்டிருக்கேன்.”

“காலேஜுல காட்டுவியா?”

“நாளைக்குக் காட்டணும்.”

உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.

“குடுத்துட்டுப் போ. ரெத்தினத்துக்குப் படிச்சுக் காட்டணும்.”

இருந்தது ஒரே பிரதி. குந்தவை கொடுத்துவிட்டாள். திரும்பும் பஸ்ஸில் நோட்டை மடியில் வைத்து மறுபடி எழுதத் தொடங்கினாள். ‘அன்புள்ள அக்கா, உங்கள் மாடு செத்தது சீம்பாலால் அல்ல.’