கோட்டை என்று எழுதலாமா

1

இந்தக் கதையை நான் தொடங்கவில்லை. மாவட்ட அலுவலகம் தொடங்கியது. ஒழிக்கப்பட்ட சிற்றரசுகள் தத்தம் வரலாற்றை எழுதி அனுப்பவேண்டுமாம். எங்கள் மிகுரியில் எழுதத் தெரிந்தவர்கள் பிரபுவோடு தோக்கியோவுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் நான், மோசுகே. கல் சுமப்பவன். நாற்பத்திரண்டு வயதில் எழுத்துப் படித்தவன்.

மிகுரியின் கோட்டை மலைச்சரிவில் கம்பீரமாக

(அடித்துவிட்டேன். பிசகு இரண்டாவது சொல்லில்.)

2

எங்கள் பிரபு கோட்டை கட்ட அனுமதி இல்லாத சின்னப் பிரபு. அவர் இருந்தது பெரிய வீடு ஒன்றில். சுற்றி இடுப்பளவு மதில். [அது சரிந்தபோது திரும்பக் கட்டக் கல் சுமந்தவன் நான்.] ஆனாலும் இருநூறு வருடமாக அதைக் கோட்டை என்றே சொன்னோம். பக்கத்து ஊரார் சிரித்தால் இன்னும் உரக்கச் சொன்னோம்.

இப்போது, மெய்ஜி பேரரசரின் ஆறாம் ஆண்டில், கோட்டைகளை இடிக்கச் சொல்லி ஆணை. பிரபு விட்டுப்போன அந்த வீட்டில் ஒதாத்சு என்பவள் மூன்று பிள்ளைகளோடு பட்டுப்புழு வளர்க்கிறாள். வேறு கூரை கிடையாது.

3

(இங்கே மழை வர்ணனை ஒன்று இருந்தது. தோள் வலித்தது, விட்டேன்.)

அந்த வீட்டுத் திண்ணையில்தான் எழுதுகிறேன். இசோபே வந்தார். பிரபுவின் பழைய வாள்வீரர். பார்வை போனபின் தடவித் தடவிக் காகிதக் குடை ஒட்டுகிறார்.

"என்னடா எழுதியிருக்க? வாசி."

"வீடுன்னு போடலாமான்னு பார்க்கிறேன் ஐயா."

"வீடா? எங்கப்பா முப்பது வருஷம் வீட்டு வாசல்லயா காவல் நின்னாரு? வீட்டுக்கு நாய் போதுமேடா."

ஒதாத்சு புழுவுக்கான முசுக்கொட்டை இலைக் கூடையோடு நின்றிருந்தாள். "அந்த நாய்தாங்க மதிலைத் தாண்டி வந்து காய வச்ச முள்ளங்கிய இழுத்துட்டுப் போச்சு. வீடுன்னே எழுதுங்கண்ணே."

இசோபே வாசற்படியைத் தடவி உட்கார்ந்தார்.

"அவரு செத்ததும் அந்த வாசல்லதான்," என்றார். "கோட்டை வாசல்ல."

4

முடிவு ஒன்று: வீடு என்று எழுதுகிறேன். ஒதாத்சு பிழைக்கிறாள். இசோபேயின் அப்பா ஒரு வீட்டு வாசலில்

முடிவு இரண்டு: கோட்டை. மதிலை இடிக்கவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

முடிவு மூன்றுக்கு வேறொரு சொல் வேண்டும். தாமதமாகப் படித்தவனிடம் அத்தனை சொற்கள் இல்லை.

5

தாளை வாங்க ஆள் வந்துகொண்டிருக்கிறான். ஒரு சொல் அளவு இடம் விட்டிருக்கிறேன். மையும் அரைத்தாயிற்று. நீங்கள் எழுதுங்கள். இசோபே வாசற்படியை விட்டு நகரவில்லை. உள்ளே ஒதாத்சு இலை நறுக்குவது நின்றுவிட்டது. காது கொடுக்கிறாள் போலும். இருவருக்கும் படிக்க வழியில்லை. எதை எழுதினாலும், நீங்களே உரக்க வாசித்துவிடுங்கள்.