மூன்றாவது சாவி

அக்கம்பக்கத்தாரின் நம்பிக்கைக்கு என்ன விலை? பூட்டுக்கடைக்காரர் கணக்கில், பூட்டுக்கு ஒரு சாவி. பூட்டோடு வரும் மூன்று சாவிகளில் இரண்டை வாங்கியவரிடம் கொடுப்பார். மூன்றாவதில் வீட்டு எண்ணை எழுதிக் கடைச் சுவரில் வீட்டுக்கொரு ஆணியில் மாட்டிவிடுவார். சாவியைத் தொலைத்துவிட்டு ஓடிவருகிறவர்கள் அவரைத் தெய்வம் என்பார்கள்.

இந்த மாதம் தெருவில் மூன்று வீடுகளில் திருட்டு. ஒரு பூட்டும் உடையவில்லை. ஸ்டேஷனில் போய்ச் சொன்னால், நாலு பேட்டைக்கும் சேர்த்து இரண்டே போலீஸ்தான் என்று கையை விரித்தார்கள். ஆகவே தெருவே துப்பறியக் கிளம்பியது.

முதலில் வந்தவள் தையல்காரி. "அண்ணே, என் சாவியக் குடுத்துடுங்க."

"ஏம்மா, என் மேலயே சந்தேகமா?"

"சேச்சே! உங்க மேல இல்லண்ணே, அந்தச் சுவத்து மேலதான்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் வரிசையை விட்டு நகரவில்லை. கடைக்காரர் சாவிகளைக் கழற்றிக் கழற்றிக் கொடுத்தார். சாவியோடு சாவியாக அவர் மானமும் போய்க்கொண்டிருந்தது. கடைசியாக வாத்தியார் கையை நீட்டினார். அவர் வீட்டு ஆணி வெறுமையாக இருந்தது.

"எங்கய்யா என் சாவி?"

கடைக்காரர் வாய் திறக்குமுன், கல்லாவில் இருந்த அவருடைய மச்சினன் துள்ளி எழுந்தான். "நான் தொடவே இல்ல மாமா!"

அவனை யாரும் கேட்கவில்லை.

கடைக்காரர் மச்சினனைப் பார்த்தார். தெரு கடைக்காரரைப் பார்த்தது. சுவரில் ஆணி இருபத்திரண்டு, திருப்பிக் கொடுத்த சாவி இருபத்தொன்று, பாக்கி ஒன்று.