ஒழுகும் லாரிக்கு ஒரு கோடு

அந்த ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவருக்கு வாய் சாப்பிட மட்டும்தான் பயன்பட்டது. தனக்கு இது வேண்டும் என்று யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். சட்டை வாங்கப் போனால் கடைக்காரர் எதை எடுத்து நீட்டுகிறாரோ அதுதான் அவருக்குப் பிடித்த நிறம். பந்தியில் பரிமாறுகிறவர் தாண்டிப் போய்விட்டால் அரை வயிற்றோடு எழுந்து கை கழுவிவிடுவார்.

இப்படிப்பட்டவரைத்தான் காக்கா குருவிகூட எட்டிப் பார்க்காத ஒரு பொட்டல்வெளியில் கேட் கீப்பராகப் போட்டார்கள். ஓர் அறை, ஓரத்தில் அடுப்பு, ஒரு டெலிபோன், பச்சையும் சிவப்புமாக இரண்டு கொடிகள். காலை ரயிலில் இரண்டு கேன் தண்ணீர் இறங்கும். குடிப்பது, சமைப்பது, குளிப்பது எல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும்.

அவருடைய மனைவி டவுனில் தன் அக்கா வீட்டில் தங்கித் தையல் தைத்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை இடத்தைப் பார்க்க வந்தவள் நாலு பக்கமும் கண்ணை ஓட்டினாள்.

"கண்ணுக்குக் குளிர்ச்சியா ஒரு பச்சை இலை உண்டா இங்க? ஒரு செடி வளரட்டும், அப்புறம் நானும் மெஷினைத் தூக்கிட்டு வர்றேன்."

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். இவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அன்றைக்கே கிளம்பிவிட்டாள். அவள் போன பிறகு அறை இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது போல அவருக்கு இருந்தது.

மறுநாள் அறைக்குப் பின்னால் ஐந்து குழி வெட்டிப் பூசணி விதை ஊன்றினார். மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் குழியில் தலைகீழாகக் குத்தி வைத்தார். ஓட்டை பெரிது, போட்ட காபி ஆறுவதற்குள் பாட்டில் காலி. சின்ன ஓட்டை போட்டார். புழுதி அடைத்துக்கொண்டு சொட்டுகூட இறங்கவில்லை. பானையிலிருந்து குழிக்குப் பழைய துணியைத் திரியாக விட்டுப் பார்த்தார். திரியின் ஈரத்தை ஓணான்கள் உட்கார்ந்து உறிஞ்சிவிட்டுப் போயின. காய்ந்த புல்லை வேர்மேல் பரப்பி மூடியது மட்டும் உருப்படியான வேலை. ஆனால் மூடி வைக்க அடியில் ஈரம் வேண்டுமே? இரண்டு கேன் தண்ணீரில் மனிதன் பிழைக்கலாம், பூசணி பிழைக்காது.

அப்போதுதான் டேங்கர் லாரி அவர் கண்ணில் பட்டது. தினமும் காலையில் டவுனிலிருந்து கல்குவாரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் லாரி. பின்னால் குழாய் வாயிலிருந்து தண்ணீர் விரல் பருமனுக்கு ஒழுகிக்கொண்டே போகும்.

டிரைவரிடம் ஒரு குடம் தண்ணீர் கொடுங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதைத்தான் நம்முடையவர் செய்யமாட்டாரே. அதற்குப் பதிலாகச் சாலையோரத்திலிருந்து பூசணிக் குழி வரைக்கும் ஒரு வாய்க்கால் வெட்டினார். லாரியின் வால் சரியாக வாய்க்கால் தலைப்பில் வந்து நிற்கும்படி அளந்து, கேட்டுக்கு முன்னால் சாலையில் குறுக்கே வெள்ளைக் கோடு போட்டார். 'கோட்டில் நிற்கவும்' என்று பலகையும் வைத்தார். பொட்டல்வெளியில் ஒழுங்கான கோடும் பலகையும் இருந்தால் அது மேலிடத்து உத்தரவு என்றுதான் யாரும் நினைப்பார்கள். லாரியின் புழுதி தொலைவில் தெரிந்ததும் கேட்டை மூடிவிடுவார். ரயில் அப்போதுதான் முந்தைய ஸ்டேஷனில் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும்.

"நான் வர்றது தெரிஞ்சாலே மூடிடறீங்களே சார், என்மேல என்ன கோபம்?" என்பார் டிரைவர். இவர் அசடு வழியச் சிரிப்பார். பின்னால் தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருக்கும்.

பூசணி தழைத்து, படர்ந்து, மஞ்சளாகப் பூத்தது. அன்று மனைவிக்கு ஃபோன் போட்டார்.

"செடி வந்திருக்கு."

"அப்புறம்?" என்றாள் அவள்.

"பூவும் வந்திருக்கு."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. "சரி, ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்," என்று வைத்துவிட்டாள்.

ஞாயிறுக்கு முன்னால்தான் அந்த மனிதர் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார். கேட் கீப்பருக்கு ஒரு பழக்கம் உண்டு. போகிற ரயிலின் அடியையும் பின்புறத்தையும் உற்றுப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியென்றால் பச்சைக்கொடி, ஏதாவது தொங்கினாலோ புகைந்தாலோ ஒழுகினாலோ சிவப்புக்கொடி. பல கேட்டுகளில் வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து கண்ணுக்கும் கைக்கும் நேர் வழி விழுந்துவிட்டது; மூளையிடம் அனுமதி வாங்குவதில்லை. அன்றைக்கு ரயில் போனதும் கேட்டைத் திறந்தார், லாரியும் நகர்ந்தது. குழாய் வழக்கத்தைவிடப் பலமாக ஒழுகியது. அவர் கை சிவப்புக்கொடியை விரித்து வீசியது.

"ஒழுகுது! பின்னால ஒழுகுது!"

யாரோ கத்துகிறார்கள் என்று நினைத்தார். அவர்தான். டிரைவர் இறங்கி வந்து பார்த்து, நெகிழ்ந்து போனார்.

"சொன்னீங்களே சார், உங்களுக்குக் கோடி புண்ணியம். யாரு சொல்றாங்க இந்தக் காலத்துல?"

மறுநாள் புதுக் குழாயோடு வந்து நின்றது லாரி. கோட்டில், அங்குலம் பிசகாமல். ஒரு சொட்டுகூட விழவில்லை.

அதன் பிறகு இரண்டு கேனும் பூசணிக்கே போயின. குளிக்கவில்லை, துணி துவைக்கவில்லை, உதடு வெடித்தது. வாழ்நாளில் எதற்கும் ஆசைப்படாத மனிதருக்கு அந்த ஐந்து குழிகளும் ஞாயிறு வரை தாங்க வேண்டுமென்ற ஒரே ஆசை.

ஞாயிறு காலை லாரியின் புழுதி தெரிந்ததும் பழக்கத்தில் கேட்டை மூடிவிட்டார். லாரி கோட்டில் நின்றது. டிரைவர் பக்கத்து சீட்டிலிருந்து கேட் கீப்பரின் மனைவி இறங்கினாள். நேராக அறைக்குப் பின்னால் போய்ப் பூசணியைப் பார்த்தாள். பாதி இலை சுருண்டிருந்தது, மீதி பச்சை. வாய்க்கால் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே சாலை வரைக்கும் நடந்தாள். கோட்டைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், லாரியின் வாலைப் பார்த்தாள். கடைசியில் புருஷனின் உதட்டைப் பார்த்தாள். தையல்காரிக்கு அளவெடுக்கச் சொல்லித்தர வேண்டுமா?

"அண்ணே, ரெண்டு குடம் தண்ணி கிடைக்குமா?" என்றாள் டிரைவரிடம்.

"தாராளமா, தங்கச்சி." குழாயைத் திறந்தவர், குடம் நிறைவதையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மாறியது. "சார், இதுக்கா என்னைத் தினமும் வெயில்ல நிறுத்தி வெச்சீங்க?"

கேட் கீப்பர் வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரயில் வந்து போயிற்று. டிரைவர் ஏறி உட்கார்ந்து, "திரும்பறப்ப உன்னை ஏத்திக்கவா, தங்கச்சி?" என்றார்.

அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்குப் பார்த்தாளே, அதே பார்வை. அவர் லாரியின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே," என்றார் டிரைவரிடம். "நாளைக்கு வர்றப்ப டவுன்ல இவ அக்கா வீட்ல ஒரு தையல் மெஷின் இருக்கு. ஏத்திட்டு வரமுடியுமா?"

"என்கிட்ட சொல்லமாட்டீங்க, லாரிக்காரர்கிட்ட சொல்லுவீங்க," என்றாள் அவள்.

"நீயும் இரேன்," என்றார் அவர்.

கேட்டைத் திறந்தார். லாரி போகும்போது பின்புறத்தை உற்றுப் பார்த்து, பச்சைக்கொடியை வீசினார். அவள் முதல் குடத்தைப் பூசணிக்கு ஊற்றினாள். இரண்டாவது குடத்தைத் தூக்கி வந்து, கொடியோடு நின்றவர் தலையில் அப்படியே கவிழ்த்தாள்.

"முதல்ல குளிங்க."