படித்தவர் நம்பிய பேய்

நக்லவி என்கிற கடல்பேய்க்குத் தோல் கிடையாது. குதிரையின் முதுகிலேயே மனித உடம்பு முளைத்திருக்கும். பச்சைச் சதைக்குள் கறுப்பு ரத்தம் ஓடுவது வெளியே தெரியும். கடலிலிருந்து ஏறி வந்து அது மூச்சு விட்டால் பயிர் கருகும், குதிரைகள் சாகும். கடற்பாசி எரியும் புகை மட்டும் அதற்கு ஆகவே ஆகாது. மூக்கில் பட்டால் வெறி பிடித்துவிடும். ஸ்ட்ரான்சே தீவில் நாங்கள் கோடை முழுக்க எரித்ததோ கடற்பாசியைத்தான். சாம்பல் கப்பலேறிக் கண்ணாடிப் பட்டறைகளுக்குப் போனது. புகை எங்களோடு தங்கியது.

என் கணவர் மான்ஸி இருமத் தொடங்கிய மூன்றாம் கோடையில், பண்ணையாரின் காரியஸ்தர் ஃபோர்ஸைத் முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, அவருக்கு மூச்சு வாங்குது. எரிக்கிற குழியை விட்டுட்டு, பாசி அள்ளுற வேலையாவது குடுங்க."

"ஏன், நக்லவிக்குப் பயந்துட்டானா உன் புருஷன்?"

"பேய்க்கு இல்லீங்க. புகைக்கு."

"படிச்சவன்கிட்ட பேய்க் கதை பேசாதே. நாளைக்கு அவன் குழியில நிக்கலேன்னா வீட்டைக் காலி பண்ணிடுங்க."

பேயின் பெயரை எடுத்தது அவர்தான்.

மான்ஸி நின்றார். "இந்தப் புகையில நக்லவியே வந்தாலும் இருமிட்டுத் திரும்பிப் போயிடும்டி," என்று சிரித்தார். பதினோரு நாள் நின்றார். பன்னிரண்டாம் நாள் நண்பகலில், குழியைக் கிளறிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார்.

அடக்கத்துக்குக் காரியஸ்தர் வந்தார். தொப்பியைக் கழற்றி, ஊர் கேட்கும்படி சொன்னார்:

"நக்லவியோட மூச்சு பட்டுடுச்சு. மனுஷன் என்ன பண்ண முடியும்?"

இரண்டு வாரத்தில் படித்தவருக்கு ஞானம் பிறந்துவிட்டது. புகை கொன்றது என்றால் பண்ணையார் பதில் சொல்லியாக வேண்டும். பேயிடம் யார் போய்க் கேட்பது?

பக்கத்து வீட்டு மெர்ரன் விடவில்லை. "நெசமாவே அதுதானா, ஐயா?"

"சந்தேகமே இல்லம்மா."

"அப்போ நாளைக்கும் தீ மூட்டினா அதுக்கு இன்னும் வெறி ஏறுமே?"

"அது... பகல்ல வராது."

"அவரு செத்தது பகல்லதானே?" என்றேன்.

மறுநாள் கரையில் ஒரு குழிகூடப் புகையவில்லை. காரியஸ்தர் வீடு வீடாகப் போய், பேய் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று சத்தியம் செய்தார். "அப்போ மான்ஸி எதுல செத்தான்?" என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார்கள். அவர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனார்.

ஒன்பது நாள் தீவில் புகையே இல்லை. நான் கேட்டது ஒருவருக்கு மட்டும்தான்.