கிளுவைகள் இறங்கிய வயல்

மேட்டூர் அணையை அடைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கோரையாற்றில் ஓட்டம் நின்று, பாலத்துக்குக் கீழே திட்டுத்திட்டாகத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. கிளுவை வாத்துகளும் ஊசிவால் வாத்துகளும் அந்தத் தேக்கத்தில்தான் நெருக்கியடித்து மேய்ந்தன. திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரியில் டூட்டி முடித்துக் காலை முதல் பஸ்ஸில் வந்த கனிமொழி, வீட்டுக்குப் போகாமல் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி நின்றாள். வார்டின் முனகலும் இருமலும் இங்கே நின்றால்தான் காதைவிட்டு இறங்கும். எங்கோ பனி உறையும் நாட்டிலிருந்து யாரையும் கேட்காமல் வந்து, யாரிடமும் சொல்லாமல் போகிற பறவைகள். அதுதான் அவளுக்குப் பிடித்தது.

பின்னால் புல்லட் வந்து நின்றது. குணசேகரன்.

"என்ன நர்ஸம்மா, உங்க பிள்ளைங்கள்லாம் சௌக்கியமா?"

அவள் திரும்பவில்லை. முந்தாநாள் வனத்துறை ஆட்கள் வந்து, வாத்து பிடிக்க ஆற்றில் அவர் கட்டியிருந்த வலைகளைச் சுருட்டி எடுத்துப் போயிருந்தார்கள். போன் செய்தது யாரென்று ஊருக்கே தெரியும். அவளும் மறைக்கவில்லை.

"வயல் பழுத்துடுச்சு போல. அறுப்பு மெஷின் சொல்லியாச்சா?"

"நாளைக்கு வருது."

"எந்த வழியா? ஆகாசத்துலயா? என் வயல்ல உளுந்து மொளச்சிருக்கு. ஒரு மெஷின் ஏறக்கூடாது."

அவளுடைய வயல் அவர் வயலுக்குப் பின்னால், ஆற்றை ஒட்டி இருந்தது. வேறு வழி கிடையாது. முன்வயல்காரர் அறுத்ததும் பின்வயலுக்கு வழிவிடுவது ஊர் வழக்கம். உளுந்து கொஞ்சம் நசுங்கும். யாரும் அதைப் பெரிதுபண்ணுவதில்லை.

"வருசா வருசம் விட்டதுதானங்க?"

"வருசா வருசம் நீ போன் பண்ணலையே. எங்க வரப்புல கூலிக்கு நின்னவன் மக, எனக்கே ஆள் அனுப்புறா!"

மரியாதை ஒரே மூச்சில் உதிர்ந்துவிட்டது. புல்லட் புகையைக் கக்கிவிட்டுப் போனது.

மறுநாள் மெஷின் டிரைவர் போனை எடுக்கவில்லை. கையறுப்புக்குக் கூப்பிட்ட பெண்கள், குணசேகரன் வீட்டு வேலையைப் பகைத்துக்கொள்ள முடியாது என்று நேராகவே சொல்லிவிட்டார்கள். அதற்குள் தை மழை பிடித்துக்கொண்டது. பழுத்த பயிர் பாய் விரித்தாற்போலச் சாய்ந்தது. சுற்றிலும் எல்லா வயலும் அறுத்தாகிவிட்டது. கதிரோடு கிடந்தது அவள் வயல் ஒன்றுதான். அந்தி மயங்கும்போது ஆற்றிலிருந்து கிளுவைகள் கூட்டங்கூட்டமாக எழுந்து அதில் இறங்கின.

அவள் புருஷன் அன்பரசன் தட்டை அடித்துக்கொண்டு சேற்றில் ஓடினான். துபாய் வெயிலில் வெந்து சம்பாதித்ததில் வாங்கிய நிலம். கரையேறியபோது அவனுக்கு மூச்சு வாங்கியது.

"நீ வரவழைச்ச விருந்தாளிங்கதான? பாரு, இல போட்டுத் திங்குது! போய் அந்தாளுகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வா. உன் ரோஷத்த அவிச்சுத் திங்க முடியுமா?"

அவள் போனாள். குணசேகரன் வாசலிலேயே நிறுத்திப் பேசினார்.

"மன்னிப்பெல்லாம் வேணாம். அந்த ஆபீசருக்குப் போன் போடு. தெரியாம சொல்லிட்டேன், குணசேகரன் வலை கட்டலைன்னு சொல்லு. நான் கேக்கணும். நாளைக் காலையில மெஷின் உன் வயல்ல நிக்கும்."

"சரிங்க. கால் கழுவிட்டு வந்து பேசுறேன்."

முழங்கால் வரை சேறு. பக்கவாட்டில் இருந்த குழாயடிக்குப் போனாள். மாட்டுக்கொட்டகை ஓரத்தில் சாக்கு ஒன்று நெளிந்தது. பக்கத்தில் வெறுந்தரையில் ஊசிவால் வாத்துகள் கிடந்தன. பறக்க முடியாதபடி ஒவ்வொன்றுக்கும் இறக்கைகளை முதுகில் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டிருந்தார்கள். உயிர் இருந்தது. சத்தமில்லை. அலகுகள் மட்டும் திறந்து திறந்து மூடின. வலைகளைப் பறிகொடுத்த பிறகும் ஆள் ஓயவில்லை.

வாசலுக்குத் திரும்பி வந்து போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். மறுமுனையில் ஆபீசர் குரல் கேட்டதும் குணசேகரன் மீசையை நீவிக்கொண்டார்.

"சார், கனிமொழி பேசுறேன். குணசேகரன் வீட்டு வாசல்லதான் நிக்கிறேன். மாட்டுக்கொட்டாயில உயிரோட வாத்து கிடக்கு. உடனே வாங்க."

அவர் கை ஓங்கியபடி வந்தார்.

"அடிங்க. லைன்லதான் இருக்காங்க" என்றாள்.

கை அந்தரத்தில் நின்றது. "உன் நெல்லு ஒரு மணிகூட வீடு வந்து சேராதுடி" என்றார். அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. போனைக் காதில் வைத்தபடியே தெருவில் இறங்கி நடந்தாள்.

நடந்ததை அன்பரசனிடம் சொன்னாள். அவன் இரண்டு கருக்கரிவாளை எடுத்து, ஒன்றை அவள் காலடியில் போட்டான்.

விடிந்ததும் இருவரும் வயலின் இரண்டு மூலைகளில் இறங்கினார்கள். கணுக்கால் தண்ணீரில் கதிர் முளைவிட ஆரம்பித்திருந்தது. அரிந்த அரியை வரப்பில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, நடுவயலில் கிளுவைகள் இறங்கிக் கொண்டிருந்தன.

"போங்க சனியன்களா!"

சேற்றுக்கட்டியை அள்ளி, பலங்கொண்ட மட்டும் வீசினாள். கூட்டம் குபீரென்று எழுந்தது. அன்பரசன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. பறவைகள் ஆற்றுக்கு மேல் வட்டமடித்தன. சிறகுகளின் அடிப்பக்கம் வெயிலில் ஒரு கணம் வெள்ளையாகத் திரும்பியது. பிறகு ஒவ்வொன்றாகக் காலை நீட்டிக்கொண்டு, அவளுக்குக் கை எட்டும் தூரத்தில், சாய்ந்த கதிர்களின் மேல் வந்து உட்கார்ந்தன.