வாராவாரம் ஒரு சுற்று

"எப்படிச் சுத்துச்சு?" என்று கட்டிலில் படுத்தபடியே கேட்பார் அவளுடைய வீட்டுக்காரர்.

"வெண்ணெய் மாதிரி."

"சத்தம் ஏதாச்சும்?"

"முதல்ல லேசா கிர்ர்னுச்சு. அப்புறம் சரியாயிடுச்சு."

அந்தக் 'கிர்ர்' அவளாகச் சேர்த்தது. வெறும் 'வெண்ணெய் மாதிரி' என்றால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று கொஞ்சம் உப்புப் போட்டுப் பரிமாறினாள். அவரும் நிம்மதியாகத் தலையணையைச் சரிசெய்துகொண்டு, "நீ மட்டும் இல்லேன்னா அது என்னைக்கோ போயிருக்கும்" என்பார். பொய் சொல்லும்போது அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் அதை நம்பி நன்றி சொல்லும்போதுதான் அங்கே நிற்க முடியாமல் அடுக்களைக்குப் போய்விடுவாள்.

விஷயம் இதுதான். நகரத்தின் ஓரத்தில் இருந்த பொழுதுபோக்குப் பூங்காவில் அவர் பம்பு ஆபரேட்டர். அங்கே படகுச் சறுக்கு என்று ஒன்று இருந்தது. காசு கொடுத்து, வரிசையில் நின்று, படகில் உட்கார்ந்து உச்சிக்குப் போய், அங்கிருந்து குளத்தில் தொபுக்கடீரென்று விழுந்து, உள்ளாடை வரை நனைந்து, சிரித்துக்கொண்டே இறங்கிப் போவார்கள் ஜனங்கள். அத்தனை தண்ணீரையும் மேலே தள்ளியது ஒரே ஒரு பம்பு. அதனால் அங்கே எல்லாரும் அவரை 'மோட்டார்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

முதலாளி போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். பூங்காவுக்குப் பூட்டு விழுந்தது. மற்றவர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டு போனார்கள். இவரும் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கப் போனார். ஆனால் வாரம் ஒருமுறை பூங்காவுக்குப் போய், வாட்ச்மேனிடம் சொல்லி உள்ளே நுழைந்து, பம்பு அறைக்கு இறங்கி, பெரிய ரெஞ்சைப் போட்டு, பம்பைச் சுழற்றும் தண்டான ஷாஃப்டைக் கையால் ஒரு சுற்றும் இன்னொரு கால் சுற்றும் சுற்றிவிட்டு வருவார். சும்மா நிற்கிற பம்பைத் துரு பிடித்துக்கொள்ளும். நின்ற இடத்திலேயே மறுபடியும் நிற்கக் கூடாது என்றுதான் அந்தக் கூடுதல் கால் சுற்று. யாரும் செய்யச் சொல்லவில்லை. சம்பளமும் இல்லை. "பூட்டின பூங்காவுக்கு வீட்டோட மாப்பிள்ளை" என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்தார்கள். "என்னைக்காவது திறப்பாங்க, அன்னைக்குப் பாருங்க" என்பார்.

பிறகு ஏணியிலிருந்து விழுந்து தொடையில் கம்பி வைத்துப் படுக்கையில் விழுந்தார். விழுந்தவர் கேட்ட முதல் கேள்வி கால் பிழைக்குமா என்பதல்ல. "பம்பை யார் சுத்துவா?"

அவள் வேலை பார்ப்பது சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை நாளெல்லாம் இஸ்திரி போடுவாள். வாரத்தில் ஒருநாள் விடுமுறை. அந்த ஒருநாளையும் பம்பு தின்றது.

முதலில் ஒழுங்காகத்தான் போனாள். இருட்டும் தவளையும் அழுகல் நாற்றமுமாக இருந்த அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி, சொன்னபடியே சுற்றினாள். மழைக்காலம் தொடங்கியது. படியெல்லாம் பாசி. ஒருநாள் மேல்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். இறங்கக் காலே வரவில்லை. பக்கத்துக் கொட்டகையில் பழைய படகுகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒன்று மட்டும் நிமிர்ந்து கிடந்தது. மஞ்சள் நிறம். மழை விடட்டும் என்று அதில் ஏறி உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். தகரக் கூரையில் மழை கொட்டியது. மழை விட்ட பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

அதற்கப்புறம் வாராவாரம் அதே கதைதான். பூங்காவுக்குப் போனாள், அது சத்தியம். படகில் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்து வெண்ணெய் என்றாள். யார் இனிமேல் இதைத் திறக்கப் போகிறார்கள் என்று மனசுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

திறக்கப் போகிறார்கள். யாரோ ஒருவர் பூங்காவை வாங்கிவிட்டார். அவர் வேலைக்கு வைத்த இன்ஜினியர் ஒரு பெண். அவளே போன் செய்தாள். பழைய பம்பு நல்லபடி இருந்தால் சறுக்கை மறுபடி ஓடவிடுவார்களாம், பழைய ஆபரேட்டருக்கே வேலையாம். பம்பு போயிருந்தால் சறுக்கை இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் கட்டுவார்களாம்.

"பம்பெல்லாம் அப்படியே இருக்கு மேடம்!" என்று கத்தினார் இவர். "என் வீட்டுக்காரிதான் வாராவாரம் சுத்துறா!"

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அவர் அதற்குள் பழைய சீருடையை எங்கே வைத்தாய் என்று கேட்டார். இந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு, இன்ஜினியர் வருவதற்கு முதல் நாள் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பூங்காவுக்கு ஓடினாள். ரெஞ்சைப் போட்டு இழுத்தாள். முழு உடம்பையும் போட்டுத் தொங்கினாள். உள்ளங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம். அது இம்மியும் அசையவில்லை. வீட்டில் கேட்டதற்கு, இஸ்திரிப் பெட்டி சுட்டுவிட்டது என்றாள். பொய்யோடு பொய்.

மறுநாள் காலை அவர் ஊன்றுகோலோடு பம்பு அறையின் மேல்படியில் உட்கார்ந்தார். கீழே இறங்க முடியாது. இன்ஜினியர் ஹெல்மெட்டோடு நின்றாள், கூடவே இரண்டு மெக்கானிக்குகள்.

"நீங்கதானே சுத்துவீங்க? ஒரு தடவை சுத்திக் காட்டுங்களேன்" என்றாள் இன்ஜினியர்.

அவள் உரிந்த கையை முந்தானைக்குள் மறைத்தாள். அதற்குள் அவர் குறுக்கே விழுந்தார். "அவளுக்குக் கை சரியில்ல மேடம். உங்க ஆளுங்களே சுத்தட்டும்."

மெக்கானிக் ஒருவன் ரெஞ்சைப் போட்டான். அசையவில்லை. இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். ரெஞ்சின் பிடியில் நீளக் குழாயைச் செருகி நெம்பினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒருவன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான். "மேடம், இது மழைக்காலத்துலயே இறுகிப்போச்சு. யாரும் தொட்ட மாதிரியே தெரியல."

இன்ஜினியர் மேலே பார்த்தாள். "வாராவாரம் சுத்தினதா சொன்னீங்களே?"

"சுத்தினோம்" என்றார் அவர்.

"அப்புறம் எப்படி இப்படி?"

"மழை ஜாஸ்தி. தண்ணி உள்ள ஏறியிருக்கும்."

"இந்த அம்மா வீட்டுல உட்கார்ந்தே சுத்தியிருப்பாங்க" என்று சிரித்தான் மெக்கானிக்.

அவர் முகம் சிவந்தது. ஊன்றுகோலைத் தரையில் ஓங்கிக் குத்தி எழுந்தார். "வாயை அளந்து பேசு தம்பி. அவ சுத்தினேன்னா சுத்தினாதான். என் வீட்டுக்காரியைப் பொய்க்காரின்னு சொல்ற இடத்துல எனக்கு வேலையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்." அவளைப் பார்த்து, "வா, போகலாம்" என்றார்.

எத்தனை வருஷமாக இந்த நாளுக்காகக் காத்திருந்தவர்! அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நொண்டிக்கொண்டே நடந்தார். அவள் நகரவில்லை.

"நான் சுத்தல" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள். "மழை ஆரம்பிச்சதிலேருந்து நான் கீழ இறங்கவே இல்ல. சுத்தினேன்னு இவர்கிட்டப் பொய் சொன்னேன். இவரைத் தப்பா நினைக்காதீங்க."

சிரித்த மெக்கானிக் டார்ச்சை அணைத்துக்கொண்டு வேறுபக்கம் பார்த்தான். இன்ஜினியர்தான் கடைசியில் வாயைத் திறந்தாள். "சூடு காட்டி, எண்ணெய் விட்டுப் பார்ப்போம். கழண்டா பொழைச்சோம். இல்லன்னா இடிக்கத்தான் சொல்லணும். ஐயா, நீங்க திங்கட்கிழமை வந்து பக்கத்துல இருங்க. இதோட குணம் உங்களுக்குத்தான் தெரியும்."

அவர் தலையாட்டினார். பஸ் நிறுத்தத்துத் திண்டில் உட்கார்ந்த பிறகுதான் பேசினார்.

"ஏன் சொன்ன? நான்தான் சமாளிச்சேனே."

"சமாளிச்சீங்களா?"

"நேத்தே உன் கையைப் பார்த்தேன். சுடு காயமும் உரிஞ்ச காயமும் எனக்குத் தெரியாதா? சுத்துற பம்பு கையைக் கிழிக்காது."

"தெரிஞ்சுமா வேலை வேணாம்னீங்க?"

"பின்ன? நாலு பேர் முன்னாடி உன்னை விட்டுக்குடுத்துட்டு, அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வீட்டுக்கு வர்றது?"

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்ளோ நேரம் எங்க இருந்த?"

"அந்த மஞ்சள் படகுல."

"படகுலயா? என்ன பண்ண?"

"ஒண்ணும் பண்ணல. சும்மா உட்கார்ந்திருந்தேன்."

"அதை வீட்டுலயே உட்கார்ந்திருக்கலாமே. மழையில எதுக்கு அவ்ளோ தூரம்?" நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

இனிமேல் ஒரு பொய்கூடச் சொல்வதில்லை என்று அப்போதுதான் முடிவு செய்திருந்தாள். "வீட்டுல உட்கார்ந்தா நீங்க கூப்பிடுவீங்க" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. படுக்கையில் கிடந்தவர், தண்ணீருக்கும் மாத்திரைக்கும் கழிப்பறைக்கும் அவளைத்தானே கூப்பிட வேண்டும், வேறு யாரைக் கூப்பிடுவார்? "நான் அப்படிச் சொல்லலீங்க" என்றாள். அவர் "இல்ல, சரிதான்" என்றார்.

பஸ் வந்தது. அவர் தானாகவே எழுந்தார். ஊன்றுகோலை முதல் படியில் ஊன்றி, கம்பியைப் பிடித்து எம்பினார். கால் ஏறவில்லை. மறுபடி எம்பினார். "சீக்கிரம் ஏறுங்கப்பா" என்றார் கண்டக்டர். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் முறை எம்பினார். அவள் பின்னால் இரண்டு கைகளையும் நீட்டியபடி, ஒரே ஒரு தடவை கூப்பிட மாட்டாரா என்று நின்றாள்.