கிடாவின் கழுத்தில் நட்சத்திரம்

தகரப் பெட்டியில் மற்ற மெடல்கள் இருந்தன. நட்சத்திரம் மட்டும் இல்லை. ரிசல்தார் பூவனநாதன் இரண்டு முறை துழாவிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். தேடுவதற்கே அலுப்பாக இருந்தது.

மறுநாள் காலை விளாத்திகுளம் பக்கத்தில் ஒரு பையனை அடக்கம் செய்கிறார்கள். கார்கிலில் செத்தவன். வயது இருபத்திரண்டு. பழைய பட்டாளத்துக்காரர்கள் மெடலோடு வரிசையில் நிற்க வேண்டும் என்று சங்கத்துச் சாமித்துரை கோவில்பட்டியிலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மற்றவை சர்வீஸ் வருஷத்துக்குக் கிடைத்தவை. நட்சத்திரம் எழுபத்தொன்றில் மேற்கு எல்லையில் நின்றதற்கு. ரிசல்தார் என்றால் குதிரைப்படைப் பதவி. குதிரைப்படை என்று பேர்; ஏறியது டாங்கி. ஊரில் எவனுக்கும் அது விளங்கவில்லை. இருபது வருஷமாக, "குதிரைய எங்க விட்டிய அண்ணாச்சி?" என்று கேட்கிறார்கள். டாங்கியில் நாலு பேர். குண்டு விழுந்த பிறகு வெளியே வந்தவர் இவர் ஒருவர்தான். அதை யாரும் கேட்டதில்லை.

மத்தியானம் தங்கை மாரித்தாய் சோறு கொண்டுவந்தாள். பெண்டாட்டி போனதிலிருந்து சோறு அவள் வீட்டிலிருந்துதான்.

"பெட்டிய நீ தொறந்தியாட்டி?"

"தொறந்தேன்."

"நட்சத்திரம் எங்க?"

தூக்குவாளியைக் கீழே வைத்தாள். "கிடா கழுத்துல கெடக்கு."

அவள் மகன் செல்வக்குமாரும் கார்கிலில்தான் இருக்கிறான். கடுதாசி வந்து முப்பத்தாறு நாள். அவன் உசுரோடு திரும்பினால் பத்திரகாளிக்கு வெட்டுவதாக ஒரு கிடாவை நேர்ந்திருந்தாள். நேர்ந்த கிடாவின் கழுத்தில் அடையாளமாக எதையாவது கட்டுவது அவர்கள் வழக்கம். நடுவில் அவிழ்த்தால் வேண்டுதலையே வாபஸ் வாங்கின மாதிரி.

"ஒரு மணியக் கட்ட வேண்டியதுதான?"

"மணி சண்டைக்குப் போச்சா? இது போயிட்டு முழுசா வந்தது."

"நாந்தானட்டி வந்தேன்."

"ஒன்னையக் கெடா கழுத்துல கட்ட முடியுமாண்ணே?"

அவர் சிரிக்கவில்லை. அவளும்தான்.

வெயில் தாழ்ந்ததும் தொழுவத்துக்குப் போனார்கள். கரிசல் வெடித்துக் கால் வைக்க இடமில்லாமல் கிடந்தது. கிடா கருவேல நிழலில் அசை போட்டுக்கொண்டிருந்தது. நட்சத்திரத்தில் புழுக்கை அப்பியிருந்தது. நாடாவில் பாதியைக் கிடா தின்றிருந்தது.

பூவனநாதன் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். எலும்பு சத்தம் போட்டது. முடிச்சில் விரல் வைத்தார்.

மாரித்தாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். "அவுக்கணும்னா அவுத்துக்கண்ணே. ஒன் பொருளுதான்."

டாங்கியில் இருந்த மற்ற மூன்று பேர் வீட்டிலும் யாராவது எதையாவது நேர்ந்திருப்பார்கள். இருபத்தெட்டு வருஷத்தில் இது அவருக்குத் தோன்றியதே இல்லை.

முடிச்சு இளகியிருந்தது. இழுத்து இறுக்கினார். எழுந்திரிக்க அவள் தோள் வேண்டியிருந்தது.

காலையில் பையன் வீட்டு வாசலில் சாமித்துரை அவர் நெஞ்சைப் பார்த்தார். "நட்சத்திரம் எங்க அண்ணாச்சி? கலெக்டர்லாம் வாராவ."

"வீட்டுல தேவைப்படுது."

"மெடலு வீட்டுல எதுக்கு?"

அதற்குள் வண்டி வந்துவிட்டது. பையன் இருந்த பெட்டியை இறக்கினார்கள். வரிசை விறைத்து நின்றது. பூவனநாதன் கையைத் தூக்கினார், தோள் வலித்தது.

பெட்டிக்கு அப்பால், பையன் வீட்டு வேம்பில், ஒரு கிடா கட்டிக் கிடந்தது. கழுத்தில் மஞ்சள் துணி. அதை அவிழ்க்க யாருக்கும் இன்னும் தோன்றவில்லை.